கட்டுப்படியாகும் நாடு வேண்டி ஒரு மனு

பெறுநர்: கூட்டாட்சித் தொழிலாளர், சமூக நல அமைச்சகம், பெர்லின்.

அனுப்புநர்: எசன் நகரில் ஏ40 நெடுஞ்சாலைக்கு வடக்கே குடியிருக்கும் தமிழ் வாடகைதாரர்கள்.

பொருள்: குடிபெயரக் கட்டுப்படியாகும் நாடு எது எனத் தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 16.10.2024 அன்று அமைச்சரவை ஏற்ற, இந்தியத் திறன் பணியாளர்களுக்கான உத்தி.

மதிப்பிற்குரிய அமைச்சகத்தாருக்கு,

பார்வையில் கண்ட உத்தி வெளியான அதே மாதம், அன்றைய சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் டெல்லிக்குப் போனார். இந்தியப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசா 90,000 வரை உயரும் என்ற செய்தி பரவியது. அன்று முதல் கோவையின் பீளமேட்டிலும் சென்னையின் துரைப்பாக்கத்திலும் யூரோவை ரூபாயால் பெருக்கிப் பார்க்காத பொறியாளர் குறைவு. பெருக்க ஊரிலேயே கற்றுக்கொள்கிறார்கள். கழிக்கக் கற்றுக்கொள்ளத்தான் எசனுக்கு வருகிறார்கள்.

எசனில் அதே நேரத்தில் வேறொரு கணக்கு ஓடுகிறது. ரொட்டிக் கடையில் காபியோடு உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஜெர்மானியர், தன் ஓய்வூதியத்துக்கு எந்த நாடு தாங்கும் என்று பார்க்கிறார். ஹங்கேரியின் பாலட்டோன் ஏரிக்கரையா, பல்கேரியாவின் கருங்கடல் ஓரமா, தாய்லாந்தின் ஹுவா ஹின்னா? ஜெர்மனி கட்டுப்படியாகவில்லை என்று இவர் பெட்டி கட்டுகிறார். ஜெர்மனி கட்டுப்படியாகும் என்று கோவைக்காரர் பெட்டி கட்டுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே அமைச்சகம்தான் பொறுப்பு என்பதால்தான் இந்த மனு தங்கள் மேசைக்கு வருகிறது.

வெளிநாட்டுத் திறன் பணியாளர்களுக்குத் தரும் நீல அட்டை என்ற குடியிருப்பு அனுமதிக்கான சம்பள வரம்பு எங்கிருந்து வருகிறது என்பது வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஓய்வூதியச் சந்தா பிடிப்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதில் பாதிதான் நீல அட்டையின் வரம்பு. 2025-ல் உச்ச வரம்பு 96,600 யூரோ. ஆகவே ஆண்டுச் சம்பளம் 48,300 இருக்க வேண்டியிருந்தது. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்குப் பாதியிலும் சலுகை: 45.3 விழுக்காடு. அதாவது 43,759 யூரோ 80 சென்ட். அந்த 80 சென்ட் இல்லாதவரால் ஜெர்மன் பொருளாதாரத்துக்கு என்ன ஆபத்து நேரும் என்று மனுதாரர்களுக்கு விளங்கவில்லை. 2026-ல் அதே வரம்பு 45,934 யூரோ 20 சென்ட். சென்டில் 60 குறைத்திருக்கிறீர்கள். நன்றி.

நீல அட்டைக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பு தற்செயலானதல்ல. 48,300 வாங்குபவருக்கு மாதம் 4,025 யூரோ. அதில் 9.3 விழுக்காடு, கிட்டத்தட்ட 374 யூரோ, ஓய்வூதியத்துக்குப் போகிறது. முதலாளியும் அதே அளவு போடுகிறார். வரியும் காப்பீடும் போகத் தனியாளின் கையில் நிற்பது ஏறக்குறைய 2,600. பிடித்த பணம் அவர் பெயரில் எங்கும் பூட்டி வைக்கப்படுவதில்லை. இந்த மாதம் பிடித்தது இந்த மாதமே முதியவர்களுக்குப் போய்ச் சேரும். ஜெர்மன் ஓய்வூதியம் நடப்பதே இப்படித்தான். ஆக, எசனில் ஒருவர் விலை கூடிய நாட்டில் உழைத்தால்தான் ஹுவா ஹின்னில் இன்னொருவர் மலிவான நாட்டில் ஓய்வெடுக்க முடியும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பார்த்தால் ஒரு தேநீராவது வாங்கித் தரச் சொல்லலாம்.

வேலை கைக்கு வராமலே புறப்படுகிறவர்களுக்காக 2024 ஜூனில் வாய்ப்பு அட்டை வந்தது. பத்துப் பொருத்தம் பார்த்துப் பெண் கொடுக்கும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. பத்தில் ஆறு பொருந்தினால் தரகர் முடித்துவிடுவார். தாங்களும் ஆறு புள்ளிதான் கேட்கிறீர்கள். 35 வயதுக்குள் இருந்தால் இரண்டு, 40 வரை ஒன்று, அதற்கு மேல் பூஜ்ஜியம். மணமக்களைப் போலவே விண்ணப்பதாரருக்கும் வயது ஏறினால் மவுசு குறைகிறது. இவ்வளவும் பொருந்திய பிறகு சீர்வரிசை: 2025 கணக்கின்படி மாதத்துக்கு 1,091 யூரோ வீதம் ஓராண்டுக்கான பணத்தைக் காட்ட வேண்டும். மாப்பிள்ளைக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

தாய்லாந்தும் இளைத்ததல்ல. ஓய்வுக்காலத்துக்கு அங்கே தங்க விரும்புகிறவர் 50 வயதை எட்டியிருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாத், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். 40-க்கும் 50-க்கும் இடைப்பட்டவர் எங்கே போவது என்பதையும் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

எசன் மலிவு என்பதில் மனுதாரர்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. சதுர மீட்டருக்கு மியூனிக்கில் கேட்கும் வாடகையில் பாதிகூட இங்கே இல்லை. காரணம்தான் சங்கடமானது. ஊரை வளர்த்த நிலக்கரி போய்விட்டது. சோல்ஃபெரைன் சுரங்கம் 1986-ல் மூடப்பட்டது; 2001-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. வேலை கொடுத்த இடம் இப்போது நுழைவுச்சீட்டு கொடுக்கிறது. ஏ40 சாலை ஊரை இரண்டாக வகிர்ந்திருக்கிறது. தெற்கே பிரெடெனை, எஃகு ஆலை முதலாளிகளான க்ரூப் குடும்பத்தின் ஹ்யூகல் மாளிகை, ஏரி. வடக்கே ஆல்டனெசன், காட்டர்ன்பெர்க், மனுதாரர்கள்.

ஆனால் இதே எசனில் மார்கரேட்டன்ஹோஹே என்று ஒரு குடியிருப்பும் இருக்கிறது. மகள் பெர்தாவின் திருமணத்தையொட்டி 1906-ல் மார்கரெத்தே க்ரூப் தொடங்கிய அறக்கட்டளை, கட்டடக் கலைஞர் கேயோர்க் மெட்சென்டோர்ஃபைக் கொண்டு எழுப்பியது. தோட்டம் வைத்த சிறு வீடுகள். இன்றும் அறக்கட்டளையே வாடகைக்கு விடுகிறது. பீரங்கி விற்ற குடும்பத்துக்குக்கூட, ஆளை வரவழைப்பதற்கு முன் கூரையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. பார்வையில் கண்ட உத்தியைத் தயாரித்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்து பார்க்கலாம். கடைகள் மூடியிருக்கும், கவனம் சிதறாது.

நாடு தேர்ந்தெடுப்பதில் தமிழர்களுக்கு முன் அனுபவம் உண்டு. 1980-களில் இலங்கையிலிருந்து தப்பியவர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராசே வழியாக நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். பெர்லினைப் பிளந்த பனிப்போர்ச் சுவரை ஒரு ரயில் சீட்டு தாண்டிவிட்டது. ஜெர்மனிக்குள் எந்த ஊர் என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அதிகாரிகள் பங்கிட்டார்கள். வேலை செய்யத் தடை. ஒதுக்கிய மாவட்டத்தை அனுமதியின்றித் தாண்டவும் தடை. அப்படி வந்தவர்கள்தான் பின்னாளில் எசன் இருக்கும் இந்த மாநிலத்தின் உணவகங்களில் பாத்திரம் கழுவி, பிறகு சமைத்து, 2002-ல் ஹம் நகரில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரம் எழுப்பினார்கள்.

எல்லாரும் பொறுத்திருக்கவில்லை. 1986 கோடையில் 155 தமிழர்கள் ஜெர்மனியின் வேசர் ஆற்றங்கரையில் ஔரிகே என்ற சரக்குக் கப்பலில் ஏறினார்கள். ஆளுக்கு ஆயிரக்கணக்கான மார்க் கட்டணம். ஆகஸ்ட் 11 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அவர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்று முதலில் சொன்னார்கள். ஜெர்மனியிலிருந்து என்பது பிறகு வெளிவந்தது. கனடா அவர்களைத் தங்கவும் வேலை செய்யவும் விட்டது. கட்டுப்படியாகும் நாடுகளின் தரவரிசையில் ஜெர்மனியின் இடம் அந்த ஆண்டு என்னவாக இருந்தது என்று அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்க்கலாம்.

14 ஆண்டு கழித்து ஜெர்மனியின் மனம் மாறியது. 2000 ஆகஸ்டில் அன்றைய சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடரின் அரசு கணினி வல்லுநர்களுக்குப் பச்சை அட்டை கொடுத்தது. ஐந்து ஆண்டுகள் வரை மட்டும். அதே ஆண்டு இந்த மாநிலத் தேர்தலில் யூர்கன் ரூட்கர்ஸ், கணினிமுன் இந்தியர்களுக்குப் பதில் நம் குழந்தைகளை உட்கார வைப்போம் என்று பிரசாரம் செய்தார். அந்தத் தேர்தலில் தோற்றார். 2005-ல் வென்று மாநில முதல்வரானார். அவர் சொன்ன குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். இடம் இன்னும் காலியாக இருக்கிறது என்று தங்கள் உத்தியே சொல்கிறது.

எனவே மனுதாரர்கள் வரிக்குறைப்பையோ சென்ட் தள்ளுபடியையோ கோரவில்லை. கோருவது சிறியது. ஜெர்மன் வழக்கப்படி வீட்டைக் காலி செய்கிறவர் பல வீடுகளில் சமையலறையையும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்: அலமாரி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம். புதிதாக வருகிறவருக்குச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாய் மிஞ்சுகிறது. மூன்று மாத வாடகையை முன்பணமாகக் கட்டிய கையோடு அவர் அடுப்பு தேடி அலைய வேண்டும். பாலட்டோனுக்கும் ஹுவா ஹின்னுக்கும் புறப்படுகிற ஓய்வூதியர்களுக்கு அமைச்சகம் அனுப்பும் அடுத்த கடிதத்தில், அடுப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்படி ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
மேற்கண்ட வாடகைதாரர்கள்