பொதுவில் கிடக்கும் சதுர அடிகள்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்குவது என்பது, தமக்கே உரிய சில அறைகளையும் பலருக்கும் பொதுவான பல இடங்களையும் ஒரே விலையில் வாங்கிக்கொண்டு, முன்னதைப் பூட்டிப் பாதுகாப்பதிலும் பின்னதைப் பிறர் தலையில் கட்டுவதிலும் ஒருவர் தம் வாழ்நாளைக் கழிப்பதற்கான ஏற்பாடாகும். சட்டம் இதே சொற்களில் இதைக் கூறவில்லை என்றாலும், மயிலாப்பூர் முதல் மேடவாக்கம் வரையுள்ள குடியிருப்போர் சங்கங்களின் குறிப்பேடுகள் இதற்கு மாறாக எதையும் சொல்வதில்லை.

விலை பேசப்படும் அளவுக்கு ‘சூப்பர் பில்டப் ஏரியா’ என்று பெயர். அதாவது, வீட்டின் உட்பரப்போடு சுவர்களின் கனத்தையும், மாடிப்படி, லிஃப்ட், நடைவழி, காவலாளி அமரும் அறை ஆகியவற்றில் அந்த வீட்டுக்கு விழும் பங்கையும் கூட்டிச் சொல்லும் அளவு. ஆயிரம் சதுர அடி என்று விற்கப்பட்ட வீட்டில் எழுநூறு சதுர அடிக்குத் துடைப்பம் போய்வந்தால் அது நியாயமான வீடு என்றே கருதப்படுகிறது. எஞ்சியது படிக்கட்டில் இருப்பதாக நம்பப்படுகிறது. ‘ரெரா’ என்று சுருக்கமாக வழங்கும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் இடைவெளி, பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவற்றை நீக்கி, உட்சுவர்களை மட்டும் சேர்த்துக் கணக்கிடும் ‘கார்ப்பெட் ஏரியா’வைத்தான் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்று விதித்தது. வீட்டைப் பெருக்குபவர்கள் இந்த அளவை அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். புரொமோட்டர்களோ (கட்டி விற்பவரைச் சென்னை இப்படித்தான் அழைக்கிறது) பழைய அளவை மறக்க மனமின்றி இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட, வாங்குபவர் சிறியதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் பெரியதற்குப் பணம் கட்டுகிறார்.

நிலத்தின் நிலைமை இதைவிட நுட்பமானது. சென்னையில் மனையை அளக்கும் ‘கிரவுண்டு’ என்பது 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டு மனையில் ஒரே அளவுள்ள பன்னிரண்டு வீடுகள் கட்டப்பட்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் 400 சதுர அடி நிலம் ‘பிரிபடாத பாக’மாக, பேச்சு வழக்கில் யூ.டி.எஸ். ஆக, வந்து சேர்கிறது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு எல்லைகளும் விளக்கமாக எழுதப்பட்டிருந்தாலும் அவை முழு மனையின் எல்லைகளே என்பதால், உரிமையாளர் தம்முடைய 400 சதுர அடியின் மீது எந்நாளும் நின்று பார்க்க இயலாது; அது தரையடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயும் இருக்கலாம், அவருக்குப் பிடிக்காத அண்டை வீட்டாரின் காருக்குக் கீழேயும் இருக்கலாம். பதிவு நடைமுறையும் நெடுங்காலம் இந்த மாயத்துக்கு ஒத்துழைத்தது. கிரயப் பத்திரம் பிரிபடாத பாகத்துக்கு மட்டும் எழுதப்பட்டு, வீடு தனியே ஒரு கட்டுமான ஒப்பந்தத்தில் அடங்கியது. நிலத்தையும் கட்டடத்தையும் ஒரே பத்திரத்தில் சேர்த்துப் பதியும் முறை 2023 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அதற்கு முந்தைய தலைமுறையினர் கண்ணுக்குத் தெரியாத நிலத்துக்குக் கிரயமும் கண்ணுக்குத் தெரிந்த வீட்டுக்கு வெறும் ஒப்பந்தமும் வைத்துக்கொண்டே நிம்மதியாக உறங்கினர்.

பொது இடங்களில் உரிமை கோரி மக்கள் முண்டியடிக்கும் ஒரே இடம், தூண்களின் மேல் கட்டடத்தை நிறுத்திக் கீழே காலியாக விடப்படும் ‘ஸ்டில்ட்’ தளம், அதாவது கார் நிறுத்துமிடம். இத்தகைய இடத்தைத் தனிச் சொத்தாக விற்கப் புரொமோட்டருக்கு உரிமை இல்லை என்று, மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் இங்கே ‘விற்பனை’ என்ற சொல் விலகி ‘ஒதுக்கீடு’ என்ற சொல் வந்தது. தொகை மட்டும் தன் இடத்தை விட்டு நகரவில்லை. கார் இல்லாதவர்கூட ஒதுக்கீடு பெற்ற இடத்தை விட்டுக்கொடுக்க அஞ்சி, உடைந்த மிதிவண்டி, பேரனுக்குச் சிறிதாகிப்போன தொட்டில், கல்யாணத்தில் மிஞ்சிய அண்டா ஆகியவற்றைக் கொண்டு அதை ஆண்டு அனுபவித்து வருவதைக் காணலாம்.

மொட்டைமாடியின் சட்ட நிலை பருவத்துக்கேற்ப மாறக்கூடியது. வடாம் காய வைக்கும் சித்திரையிலும் ராக்கெட் விடும் தீபாவளியிலும் அது அனைவருக்கும் பொதுவானது என்பதில் கருத்து வேறுபாடே கிடையாது. வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் நின்று பெய்து, கடைசி மாடியின் படுக்கையறை மேற்கூரையில் ஈரம் படரத் தொடங்கியதும், அதே மொட்டைமாடி கடைசி மாடிக்காரரின் சொந்தப் பிரச்சினையாகச் சுருங்கிவிடுகிறது. நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சுக்கு ஆகும் செலவைப் பன்னிரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று அவர் கேட்க, மழை தம் வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை என்று தரைத்தளத்தார் சுட்டிக்காட்டுகின்றனர். இதற்குப் பழிவாங்கும் வாய்ப்பு, லிஃப்டின் மோட்டார் எரியும்போது கிடைக்கிறது. தாம் அந்தப் பெட்டிக்குள் காலே வைத்ததில்லை என்று தரைத்தளத்தார் பங்கு தர மறுத்தால், அவர்கள் சன்னலுக்குக் கீழேயுள்ள தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் செலவை மேல்மாடியார் மறுக்கின்றனர். பொதுச் செலவைப் பிரிபடாத பாகத்தின் விகிதத்தில் பகிர்ந்துகொள்வதே சட்டத்தின் கொள்கை; அவரவர் நனைந்த விகிதத்தில் பகிர்வது இவர்களின் கொள்கை. கூரையும் ஒழுகாமல் சாக்கடையும் எதிர்கொள்ளாமல் நடுமாடியில் வாழ்பவர் இரு தரப்புக்கும் பொதுவானவராகக் கருதப்பட்டு, அந்தக் குற்றத்துக்காகவே சங்கச் செயலாளராக்கப்படுகிறார்.

இரண்டாம் மாடிக் குளியலறையிலிருந்து முதல் மாடிக்கு இறங்கும் கசிவு இன்னும் சிக்கலானது. அதன் காரணம் ஒரு வீட்டிலும் சான்று இன்னொரு வீட்டிலும் இருப்பதால், மேல்வீட்டார் கீழே வந்து பார்க்க ஒப்பாதவரை அது நடக்கவே இல்லை என்று வாதிட முடிகிறது. பிளம்பர் வந்து, தரை ஓடுகளை உடைத்துப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றதும் இரு குடும்பங்களும் முதன்முறையாக ஒன்றுபட்டு, அவரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதே ஸ்டில்ட் தளத்தில், கார்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு நடைபெறும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் பொருளாளராக இருப்பார். அவர் காசோலையைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை. மாதப் பராமரிப்புக் கட்டணம் கட்டாதோர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா என்ற விவாதம், பட்டியலில் இருப்பவர்கள் கூட்டத்துக்கு வராததால் ஒருமனதாக முடிந்து, பலகையைப் பூட்டியிருக்கும் சாவி கிடைக்காததால் நிறைவேறாமல் போகும்.

இவ்வளவு அலட்சியத்துக்கும் ஆளான பொது உடைமை, கட்டடம் முப்பது, நாற்பது ஆண்டுகள் பழையதாகிக் கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும்போதுதான் மதிப்புப் பெறுகிறது. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளில் 1.5-இலிருந்து 2 ஆக உயர்ந்ததால், தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள பழைய குடியிருப்புகளை இடித்துக் கூடுதல் வீடுகள் கட்ட முன்வருவோருக்குக் குறைவில்லை. அப்போது பளிங்குத் தரைக்கும் தேக்குக் கதவுக்கும் பைசா கூட விலை இல்லை. அந்தக் கண்ணுக்குத் தெரியாத 400 சதுர அடிதான் பேரத்துக்கு வருகிறது. அதுவரை பத்திரத்தை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு மறந்துபோன பெரியவர்கள், பிரிபடாத பாகத்தைத் தசமப் புள்ளி வரை ஒப்பிக்கத் தொடங்குகின்றனர். அனைவரும் சம்மதித்தாலொழிய எதுவும் நகராது என்றிருந்த நிலைமையை, 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் தளர்த்தி, மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் போதும் என்றாக்கியது. பன்னிரண்டு வீடுகளுக்கு அது எட்டுக் கையெழுத்து.

எனவே, பழைய குடியிருப்பில் வீடு வைத்திருக்கும் வாசகர்கள் தம் பத்திரத்தில் பிரிபடாத பாகம் எவ்வளவு என்று இன்றே பார்த்து வைப்பதோடு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கும் தவறாமல் போய்வர வேண்டும். உட்கார நாற்காலி கட்டாயம் கிடைக்கும்.