பகடை உருளும், கணினி திணறும்

கேள்வி: மேசையில் ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை' வீடியோ கேமாக மாற்றுவதில் அப்படியென்ன சிரமம்?

பதில்: 1974-இல் வெளிவந்த அந்த ஆட்டத்தின் விதிகளைக் கணினி சுலபமாகக் கற்றுவிடும், கதை நடத்தும் 'டஞ்சன் மாஸ்டரின்' சமயோசிதம்தான் அதற்கு வராது. பூட்டிய கோட்டைக்குள் நுழைய, காவலாளிக்குக் கல்யாணம் பேசப்போவதாக ஆட்டக்காரர் சொன்னால், நடத்துநர் அந்த நொடியே பெண்வீட்டாரை உருவாக்கிவிடுவார். கணினியிலோ முன்பே எழுதி, வரைந்து, குரல் கொடுத்து வைத்தது மட்டுமே நடக்கும். இந்த ஆட்டத்தை வைத்து 2023-இல் லாரியன் நிறுவனம் வெளியிட்ட அருமையான வீடியோ கேம் 'பால்டர்ஸ் கேட் 3', மேசையில் உருளும் பகடையைத் திரையிலேயே உருட்டியது. ஆனால் மேசையில் 20 வரை போகும் கதாபாத்திர நிலைகளை 12-இல் நிறுத்திக்கொண்டது. அதற்கு மேல் வரும் மந்திரங்கள் கதையையே புரட்டிப்போடுபவை. கேட்டதையெல்லாம் நடத்தித்தரும் 'விஷ்' மந்திரத்துக்கு எந்த நிரலாளராலும் முன்கூட்டியே விடை எழுதிவைக்க முடியாது.