பசையைக் கேட்டுவிட்டு ஃபோம் வாங்குங்கள்!

கல்லூரி மாணவர், கோவை: போட்டிக்கு ரிமோட் விமானம் செய்கிறோம். இறக்கைக்குத் தெர்மாகோலா, எக்ஸ்பிஎஸ்ஸா? குழுவில் இரண்டு கட்சி ஆகிவிட்டது.

இரண்டு கட்சியும் ஆளுக்கொரு துண்டை உடைத்துப் பாருங்கள் தம்பி. தெர்மாகோல் மணி மணியாக உதிரும். நீராவியில் ஊதிப் பெருக்கிய மணிகளை அச்சில் அடைத்து ஒட்டவைத்ததுதான் அது. எக்ஸ்பிஎஸ், உருக்கிய பிளாஸ்டிக்கை முறுக்கு அச்சில் போட்டதுபோல ஒரே பலகையாகப் பிதுக்கி எடுத்தது. உடைந்த முகத்தில் மணியே தெரியாது. இறக்கையின் பின்விளிம்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மெலிய வேண்டும். அந்த இடத்தில் நாலு மணி உதிர்ந்தால் விளிம்பே போச்சு. என் ஓட்டு எக்ஸ்பிஎஸ்ஸுக்கு.

அமெரிக்காவில் பர்ட் ரூட்டான் என்றொரு மனிதர். 1975இல் அவருடைய ‘வேரிஈஸ்’ பறந்தது. பொம்மை இல்லை, ஆள் உட்கார்ந்து போகிற விமானம். வரைபடத்தை வாங்கி யார் வேண்டுமானாலும் வீட்டுக் கொட்டகையில் கட்டிக்கொள்ள முடிந்தது. இறக்கைக்குள் இருந்தது இதே எக்ஸ்பிஎஸ் வகை, நீலநிற பாலிஸ்டைரீன் ஃபோம்தான். அதைச் சூடான கம்பியால் அறுத்து, மேலே கண்ணாடியிழைத் துணி சுற்றி, எபாக்சி பூசினார்கள். தனியாக அச்சு செய்யும் செலவே கிடையாது. ஃபோமே அச்சு, வேலை முடிந்ததும் அது உள்ளேயே தங்கிவிடும். பாரத்தைத் தாங்குவது மேல்தோல், அந்தத் தோல் சுருங்கி மடங்காமல் பிடித்துக்கொள்வது ஃபோம். நினைத்தாலே எனக்குக் குஷியாக இருக்கிறது!

எபாக்சி என்றேன், கவனித்தீர்களா? விலை குறைவு என்று கடையில் பாலியஸ்டர் ரெசினைத் தலையில் கட்டுவார்கள். அதில் கலந்திருப்பது ஸ்டைரீன், அது பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். பூசின கொஞ்ச நேரத்தில் இறக்கை குழி குழியாக உள்ளே போகும். கையில் இருப்பது பாலியஸ்டர்தான் என்றால் கெட்டியான பியூ (பாலியூரித்தேன்) பலகைக்கு மாறிக்கொள்ளுங்கள்; அதற்கு ஒன்றும் ஆகாது. எந்த வேலையாக இருந்தாலும் முதலில் பசையும் பெயின்ட்டும் என்ன என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம் ஃபோம் வாங்கப் போங்கள்.

கம்பி அறுப்புக்கு ஒரு குறிப்பு. நைக்ரோம் கம்பி சிவக்கக் கூடாது. அழுத்தவும் கூடாது, கம்பி தன் சூட்டிலேயே வழி விட்டுக்கொண்டு போகட்டும். அறுத்த முகத்தில் தலைமுடி போல மெல்லிய நூல் இழைந்தால் சூடு சரி. பள்ளம் விழுந்தால் அதிகம். கம்பி நடுவில் வளைந்தால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள்.

வாசகி, கரூர்: தெர்மாகோல் எத்தனை வருடத்தில் மக்கும்?

மக்காது. உடைந்துகொண்டே இருக்கும்.

மாணவி, நாகர்கோவில்: பெட்ரோல் பட்டதும் தெர்மாகோல் காணாமல் போவது எப்படி?

காணாமல் போவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லையே! கொள்ளளவில் 98 சதவீதம் காற்று. பெட்ரோல் மீதிப் பிளாஸ்டிக்கை இளக்கியதும் காற்று கிளம்பிவிடும். வாளி நிறைய இருந்தது கரண்டியளவு பசையாகிவிடும். தின்னரும் அசிட்டோனும் இதே வேலையைச் செய்யும். உடனடியாக ஒட்டும் ஃபெவிக்விக் வகையும் அரிக்கும். வெள்ளை ஃபெவிகால் ஒன்றும் செய்யாது, ஆனால் காய நேரம் கொடுங்கள். பெட்ரோலை வைத்து வீட்டில் சோதித்துப் பார்க்காதே அம்மா. நான் சொன்னதை நம்பு.

மேடை அலங்கரிப்பவர், மதுரை: கல்யாண மேடைக்குத் தெர்மாகோலில் யானை செதுக்குகிறேன். ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் யானைக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிடுகிறது.

டப்பாவில் இருக்கும் கரைப்பான் செய்கிற வேலை அது. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அலங்காரத்துக்குப் பாலிஸ்டைரீன் தெர்மாகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. இன்னும் எத்தனை முகூர்த்தத்துக்கு ஒளித்து ஒளித்துச் செதுக்குவீர்கள்? உங்கள் கை யானை செதுக்கத் தெரிந்த கை. காகிதக்கூழில் செய்யுங்கள், மூங்கில் சட்டத்தில் துணி இழுத்துச் செய்யுங்கள். சின்ன வேலைப்பாட்டுக்குத் தஞ்சாவூர் நெட்டி இருக்கிறது. தெர்மாகோல் பிறப்பதற்கு முன்பே வெண்மையாக, எடையே இல்லாமல், கத்திக்கு வெண்ணெயாக வழிவிட்ட தண்டு அது. 2020இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

நாடக ஆசிரியை, கும்பகோணம்: பள்ளி நாடகத்துக்கு ராஜா கிரீடம், மார்புக்கவசம். அட்டை கிழிகிறது, தகரம் குத்துகிறது.

ஈவிஏ! செருப்பின் அடிப்பாகத்தில் இருக்கும் அதே சரக்கு, ஷீட்டாகக் கிடைக்கும். கவசத்துக்கு 6 அல்லது 8 மில்லிமீட்டர், நகாசு வேலைக்கு 2 மில்லிமீட்டர். புது பிளேடு போட்டு வெட்டுங்கள். ஹீட் கன்னைக் காட்டினால் மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும். அப்போதே வளைத்துப் பிடித்தால் ஆறியதும் அந்த வளைவிலேயே நிற்கும். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேருங்கள். அவசரப்பட்டுச் சேர்த்தால் ராஜா வசனம் பேசும்போது கவசம் பிளக்கும். ஒரு எச்சரிக்கை: இதே ரப்பர் பசை தெர்மாகோலை அரித்துவிடும்.

வாசகர், சேலம்: உங்களுக்குப் பிடித்த நிறம்?

ஃபோமில் நீலம்.

விளம்பரப் பலகைக் கடைக்காரர், ஈரோடு: சன்போர்டை லேசரில் வெட்டலாமா?

கூடாது. அது பிவிசி. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். மிஷினையும் தின்னும், உங்கள் நுரையீரலையும் தின்னும்.

வாசகர், தேனி: வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டது ஏன் பலிக்கவில்லை? கிண்டல் வேண்டாம், காரணம் சொல்லுங்கள்.

உங்களைப் போல் கேட்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீர்ப்பரப்பை மூடினால் ஆவியாவது குறையும் என்பது சரியான யோசனை. 2017 ஏப்ரலில் சறுக்கியது பொருளின் தேர்வில். சாதாரணத் தெர்மாகோல் ஒரு கன மீட்டரே பதினைந்து, இருபது கிலோதான் வரும். அதைத் தட்டை அட்டையாக்கி, டேப் ஒட்டி, திறந்த அணையில் விட்டால் காற்றுக்குப் பாய்மரம் கொடுத்த மாதிரி. கரைக்கு வந்து சேர்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 2015இல் ஒரு நீர்த்தேக்கத்தை மூட 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை விட்டார்கள். முக்கிய நோக்கம் வெயில் பட்டுத் தண்ணீரில் வேண்டாத ரசாயனம் உண்டாவதைத் தடுப்பது, ஆவியாவதும் குறைந்தது. அந்தப் பந்துகள் காற்றில் பறக்காததற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் அடைத்திருந்தார்கள். எடையைக் குறைப்பதற்கு அலையும் நாம், எடை தேவைப்படும் இடத்தையும் கவனிக்க வேண்டும்.

யூடியூபர், சென்னை: சின்ன ரூமை ஸ்டூடியோ ஆக்குகிறேன். சுவர், கூரை முழுக்க முட்டை அட்டை வடிவ பியூ ஃபோம் ஒட்டலாம் என்று இருக்கிறேன். மலிவாக எங்கே கிடைக்கும்?

தம்பி, இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003 பிப்ரவரி 20 அன்று ‘தி ஸ்டேஷன்’ என்ற இரவு விடுதி எரிந்து நூறு பேர் இறந்தார்கள். மேடை வாணவேடிக்கையின் பொறி, சுவரில் ஒலிக்காக ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பட்டது. பிரேசிலின் சாந்தா மரியாவில் 2013 ஜனவரியில் இதே கதை; 242 பேர் போனார்கள். பியூ எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். தீ உங்களைத் தொடுவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். ஒரே கதவு, ஜன்னலை அடைத்த அறை, மேலே ஏசி வயரிங். அதற்குள் கூரைவரை மலிவு ஃபோமை ஒட்டி நீங்கள் உட்காரப் போகிறீர்கள்.

தெருச் சத்தத்தையும் அந்த ஃபோம் தடுக்காது. அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். அதற்கு ராக் வூல் பலகையை மரச்சட்டத்தில் வைத்து, கனமான துணி போர்த்தி, நாலைந்து இடத்தில் மாட்டினால் போதும். ராக் வூலில் தீ பிடிக்காது. செலவு சற்றுக் கூடும். செய்யுங்கள். சயனைடு வரும் என்பதால்தான் பியூவைச் சூடான கம்பியாலும் அறுக்கக் கூடாது. கத்தியோ ரம்பமோ போதும்.

குடும்பத்தலைவி, திருநெல்வேலி: சோபாவுக்குக் கடைக்காரர் ‘40 டென்சிட்டி’ போட்டதாகச் சொல்கிறார். உட்கார்ந்தால் அமுங்குகிறது. ஏமாந்தேனா?

அமுங்குவதை வைத்துச் சொல்ல முடியாது அம்மா. 40 என்பது கன மீட்டருக்கு 40 கிலோ என்ற கணக்கு; கெட்டித்தன்மை வேறு. 40இலேயே மெத்தென்றும் வரும், விறைப்பாகவும் வரும். உறையைக் கழற்றித் தராசில் வையுங்கள். 6 அடி நீளம், 2 அடி அகலம், 4 அங்குல கனம் என்றால் 40க்குச் சுமார் நாலரை கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 3.6 கிலோதான் வரும். தராசு குறைத்துக் காட்டினால் பில்லோடு போய் நில்லுங்கள்.