வழிபடு தெய்வத் தெரிவியல்: தர்மபுரி மாவட்டத்தை முன்வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு

இணைய விளையாட்டில் புதிதாகக் கேரக்டர் உருவாக்குகிறவன் இனத்தைத் தேர்ந்தெடுத்து, தொழிலைத் தேர்ந்தெடுத்து, மூக்கை நீட்டியும் குறைத்தும் பார்த்து முடித்ததும் சில விளையாட்டுகள் ஒரு கேள்வி கேட்கும்: உன் தெய்வம் எது? சமூகவியல் நோக்கு, அமைப்பியல் நோக்கு, பெண்ணிய நோக்கு, பின்நவீனத்துவ நோக்கு என எல்லா நோக்கிலும் எல்லாவற்றையும் நோக்கித் தீர்த்துவிட்ட தமிழாய்வுலகில் இன்னும் ஒருவராலும் நோக்கப்படாமல் கிடப்பது இக்கேள்வி ஒன்றே. ஆதலால் இவ்வாய்வு இன்றியமையாததாகிறது. (எல்லா ஆய்வும் இன்றியமையாததுதான், முன்னுரைகளில் தேடுக.)

முதலில் மூலநூல். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டே இவ்வகைக்கெல்லாம் முன்னோர். அதன் துணைநூலாக 1980இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ உலகத் தெய்வங்களைத் திரட்டி, ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி இத்தனை, கவச எண் இத்தனை என்று பட்டியல் போட்டது. இந்திரன், அக்னி, காளி, எமன் ஆகியோருடன் நம் கார்த்திகேயனும் அதில் உண்டு. தர்மபுரி குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணியர் கோயிலில் தைப்பூசத் தேரின் வடம்பிடித்து இழுக்கும் பெண்களிடம் போய், ‘உங்கள் சாமிக்கு இத்தனை அடி வாங்கினால் உயிர் போய்விடும்’ என்று சொல்லிப் பார்க்கும் கள ஆய்வை இக்கட்டுரையாளர் தவிர்த்துவிட்டார். நிதி இல்லை என்பது காரணமாகப் பதிவு செய்யப்படுகிறது.

1999 மார்ச்சில் வந்த ‘எவர்குவெஸ்ட்’ இணையத்தில் இக்கேள்வியை நிலைநாட்டியது. 12 இனம், 14 தொழில், அவற்றுக்கேற்ற தெய்வங்கள். பார்வைக்குச் சுதந்திரம், உள்ளே போனால் கட்டு. குள்ளர் இனத்தில் பூசாரித் தொழில் எடுத்தால் பிரெல் செரிலிஸ் என்ற பாதாள தெய்வத்தைத்தான் கும்பிட்டாக வேண்டும், வேறு வழி கிடையாது. 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ இன்னும் சிக்கனம்: பூசாரியாக வருகிறவரிடம் மட்டும் தெய்வம் கேட்கும், மற்றவர்களை விட்டுவிடும். தர்மபுரியில் யாரையும் விடுவதில்லை.

ஆய்வு எல்லை தர்மபுரி மாவட்டம். இது 1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்தது. இரண்டு அரசாணையும் குலதெய்வங்களுக்கு அனுப்பப்படாததால், ஓசூரில் வேலை பார்ப்பவர் பென்னாகரம் பக்கம் வந்து பொங்கல் வைப்பது இன்றும் நடக்கிறது.

இனித் தெரிவு வகைகள்.

பிறப்புவழித் தெரிவு. ‘நம்ம சாமி எதுன்னு நீ என்னடா முடிவு பண்றது? அது உங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலயே முடிவாயிடுச்சு’ என்று ஆயா சொல்வதோடு கேரக்டர் உருவாக்கம் முடிகிறது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளிக்குள் பெண் எடுப்பதில்லை. பிரெல் செரிலிஸைக் கும்பிடும் குள்ளர்களெல்லாம் பங்காளிகளாயிற்றே, அவர்கள் பெண்ணெடுக்க எங்கே போவார்கள் என்பதை விளையாட்டை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

திருமணவழித் தெரிவு. தாலி ஏறியதும் பெண்ணுக்குப் புகுந்த வீட்டுச் சாமி. கேரக்டர் அதே, புள்ளிகள் அதே, தெய்வம் மட்டும் வேறு. இந்த மாற்றத்துக்கு அவள் எந்தப் பொத்தானையும் அழுத்தியதில்லை.

இடர்வழித் தெரிவு. தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியை இரண்டாய் அறுத்து விளக்கேற்றக் கூடுகிறவர்கள் இவ்வகை. குலதெய்வம் அப்படியே இருக்கும். இது கூடுதல் காப்பு.

பற்றிலி. எந்தத் தெய்வத்தையும் தேர்ந்தெடுக்காதவர். எவர்குவெஸ்டிலும் இந்த வாய்ப்பு உண்டு, தர்மபுரியிலும் உண்டு. இங்கே அவரிடமும் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கப்படும்.

இவ்வாய்வின் மையச் சிக்கலுக்கு இப்போதுதான் வருகிறோம். விளையாட்டில் தெய்வத்தைச் சொடுக்கியதும், ‘உறுதிதானா?’ என்று கேட்கும். ஆம் என்று அழுத்துகிறவன் விளையாடுகிறவனே. அவன் கேட்டு அவனே ஒப்புக்கொள்ளும் இந்த முறையில் அறிவியல் எங்கே இருக்கிறது? தர்மபுரியில் அந்தப் பொறுப்பு ஆட்டிடம் உள்ளது. கிடாயை முனியப்பன் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது. சிலுப்பாத வரை எல்லாரும் காத்திருக்கிறார்கள்; அடுப்புக் கல்லும் காத்திருக்கிறது.

சிலுப்பல் என்பது யாது? தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்பது ஒரு சாரார் கொள்கை (பெரியப்பா, திண்ணை உரை, வெற்றிலைக்கு முன்). கழுத்து முதல் வால் வரை அலையாக ஓடினால்தான் செல்லும் என்பது எதிர்க்கொள்கை (மேற்படியார், அதே உரை, வெற்றிலைக்குப் பின்). தண்ணீர் காதுக்குள் போனால் எந்த ஆடும் சிலுப்பும், இதில் சாமிக்கு என்ன வேலை என்ற பொருள்முதல்வாத விளக்கமும் உண்டு (சின்ன மாமன், டவுனில் படித்தவர், கறிக்குழம்பு வட்டிலுடன் அளித்த நேர்காணல், குழம்பு இரண்டாம் முறை ஊற்றப்பட்டதும் கருத்தைத் திரும்பப் பெற்றார்). தண்ணீர் ஊற்றியவரின் சாட்சியத்தை ஆட்டுக்காரர் மறுக்கிறார். ஆட்டுக்காரரைப் பூசாரி மறுக்கிறார். மூவரையும் அரை மணி நேரம் அசையாமல் நின்று ஆடு மறுக்கிறது. அப்போது யாரோ ஒருவருக்கு, போன வருசம் பேசிய வேண்டுதல் பாக்கி இருப்பது நினைவுக்கு வரும். அதை ஒத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டதும் ஆடு சிலுப்பும். பிழைச் செய்தியை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் மென்பொருள் சந்தையில் இல்லை.

இத்தகைய செய்திகளுக்குச் சான்று எங்கே என்று நெறியாளர் கேட்கக்கூடும். சென்னையில் ஆயராக இருந்த ஹென்றி வைட்ஹெட் 1916இல் தென்னிந்தியக் கிராம தெய்வங்கள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அன்றிலிருந்து, தன் பாட்டி கும்பிட்ட சாமியைப் பற்றி எழுதுகிற பேரனும் பாட்டியை விட்டுவிட்டு வைட்ஹெட்டின் பக்க எண்ணைத் தேடுகிறான். பாட்டிக்குப் பக்க எண் இல்லாதது அவள் குறைதான்.

கடைசியாக ஒரு கருதுகோள். விளையாட்டில் ஆள் தெய்வத்தைத் தேர்ந்தெடுக்கிறான். தர்மபுரியில் ஆளே செத்துத் தெய்வமாகிவிடுவதுண்டு. மாடு கவர வந்தவர்களோடு மோதி மாண்டவனுக்கு, வில்லும் வாளுமாக அவன் உருவைச் செதுக்கி நட்ட கற்கள் இம்மாவட்டம் முழுவதும் கிடைத்திருக்கின்றன. தர்மபுரி அரசு அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. காட்டோரத்தில் தங்கிவிட்ட கற்களில் பல இன்று வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்குகின்றன. ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன் தோற்றுப்போன ஆட்டம், இன்று குலதெய்வம். துணை விலங்குக்கும் வழியுண்டு: பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற நாயும் நடுகல்லில் இடம்பிடித்திருக்கிறது.

இக்கருதுகோளை நிறுவ, கல்லில் உள்ள எழுத்தைப் படித்தாக வேண்டும். அதன்மேல் தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறியிருக்கின்றன. கழுவித் துடைத்து மைப்படி எடுக்கலாமா என்றால், ‘எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க, சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்’ என்கிறார் பூசாரி. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறார்கள். வெள்ளை வந்தால் கழுவலாம். சிவப்பு வந்தால், ஆய்வாளர் கல்லைப் படிக்காமலேயே கட்டுரை எழுதிவிடுவார்.