செட்டு

1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, 'செட்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு நானூற்றுச் சொச்சம் பொருள் தருகிறது. பாவம், தொகுத்தவர்கள் திருமானூர்ப் பக்கம் வந்ததில்லை.

இங்கே கொள்ளிடக் கரை வயலில் ஓடுவது பம்ப் செட்டு. அது நனையாமல் இருக்கக் கட்டிய கொட்டகையும் செட்டுதான். அது வேறு இங்கிலீஷ் வார்த்தை என்று வாத்தியார் எவ்வளவு சொன்னாலும் ஊர் கேட்பதாயில்லை. திருவிழாவில் அலறுவது மைக் செட்டு, முழங்குவது மேள செட்டு. டீக்கடையில் செட் தோசை. அதில் எத்தனை தோசை என்பது கடைக்காரர் மனசைப் பொறுத்தது.

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு மட்டும் இந்தச் சொல்லுக்குக் கணக்காக நடக்கிறது. தண்ணீர் கலந்து 30 நிமிடத்துக்கு முன் 'செட்' ஆகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிந்தாக வேண்டும்: இந்தியத் தர விதி அப்படி. அவசரப்பட்டு இறுகிவிடாமலிருக்கத்தான் அரைக்கும்போதே ஜிப்சம் சேர்க்கிறார்கள்.

கல்யாணத்துக்கு அப்படி விதி கிடையாது.

"பையனுக்குப் பொண்ணு அமைஞ்சுதாண்ணே?"

"ஆறு வருசமா பாக்குறோம் தம்பி, ஒண்ணும் செட் ஆகல."

ஜிப்சம் கொஞ்சம் கூடிப்போயிருக்கும்.