பாட்டில்நெக் அண்ணன்

ஒரகடம் பக்கம் பேச்சிலர் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு இவரைத் தெரியாமல் இருக்காது. ரூமுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் காம்பவுண்டுக்கு ஒருவர் உண்டு. ஷிஃப்டில் கார் கம்பெனி அசெம்பிளி லைன், மிச்ச நேரத்தில் கேமிங் பிசி. சொந்தப் பேர் எதுவானாலும் நாங்கள் கூப்பிடுவது பாட்டில்நெக் அண்ணன்.

பேருக்குக் காரணம் கம்பெனி டிரெயினிங். லைனில் எந்த ஸ்டேஷன் மெதுவாக ஓடுகிறதோ அதுதான் பாட்டில்நெக், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய் என்பது பாடம். செய்தால் கைசன் சர்டிபிகேட்டோடு ஒரு டிபன் பாக்ஸ் தருவார்கள். அண்ணனிடம் மூன்று டிபன் பாக்ஸ் இருக்கின்றன. பாடத்துக்கு இரண்டாம் பகுதியும் உண்டு: ஒன்றைச் சரிசெய்த அன்றே வேறொரு ஸ்டேஷன் பாட்டில்நெக் ஆகிவிடும். கம்பெனிக்கு அது வேலை. அண்ணனுக்கு அது இ.எம்.ஐ.

பிசியில் முதலில் ஹார்டு டிஸ்க் மேல் பழி விழுந்தது. நொடிக்கு 150 எம்பி படிப்பதெல்லாம் ஒரு வேகமா என்று கழற்றிப் போட்டுவிட்டு சாட்டா எஸ்எஸ்டி மாட்டினார். 550 ஆனது. கேம் சடாரென்று திறந்தது, நாங்களே கைதட்டினோம். அத்தோடு விட்டிருக்கலாம். டப்பாவில் 7,000 என்று போட்ட என்விஎம்இ எஸ்எஸ்டி அடுத்த போனஸில் வந்தது. கேம் திறக்கும் நேரத்தில் ஓரிரண்டு நொடி குறைந்தது.

“ஏன்ணே, ரெண்டு செகண்டுக்கா இவ்வளவு காசு?”

“தம்பி, லைன் ரெண்டு செகண்ட் நிக்கட்டும், மேனேஜர் மாடியிலேர்ந்து எறங்கி வர்றாரா இல்லையான்னு பாரு.”

இதற்குப் பதில் சொல்ல எங்களில் ஆள் இல்லை.

வாங்கப் போவது ஒரு தனிச் சடங்கு. அண்ணனுக்கு வார லீவு ஞாயிறு; கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகளுக்கும் லீவு ஞாயிறுதான். அதனால் எல்லோரும் தள்ளிவிடும் சி ஷிஃப்டை இவர் கேட்டு வாங்குவார். விடிய விடிய வேலை, காலையில் தாம்பரத்துக்கு பஸ், அங்கிருந்து எலக்ட்ரிக் டிரெயின், பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடை. இதில் எனக்குத்தான் வயிற்றெரிச்சல். சாம்சங் ஃபேக்டரி 2007லிருந்து ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது. அங்கே வருவது டிவியும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும். டெல் கம்பெனி அதே வட்டாரத்தில் கம்ப்யூட்டரே கோக்கிறது. ஆனால் ஒரு ரேம் வேண்டுமென்றால் நம் ஆள் மவுண்ட் ரோடு வரைக்கும் போய், கொரியாவிலிருந்து வந்த சிப்புக்குப் பேரம் பேச வேண்டும்.

2025 கடைசியில் ரேம் விலை எகிறியபோது அண்ணனைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு விற்பதில்தான் லாபம் என்று மெமரி கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. மைக்ரான் தன் குரூஷியல் ரேம் பிராண்டை நிறுத்தப்போவதாக டிசம்பரில் அறிவித்த செய்தியை, கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு அண்ணன் படித்துக் காட்டினார். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நாங்களும் உட்கார்ந்திருந்தோம். குரூஷியல் யார் என்று பக்கத்து மேஜையில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

விலை ஏறியும் வாங்கினார். ஏறிக்கொண்டே இருக்கும்போது வாங்கினால் மிச்சமாம்.

மாட்டும் ராத்திரி ரூமில் ஃபேன் ஓடக் கூடாது, தூசி பறக்கும். தினத்தந்தி விரித்து, ஸ்க்ரூ டிரைவர்களை அளவுவாரியாக அடுக்கி, கம்பெனியில் சொல்லித்தந்த ஃபைவ்-எஸ் முறைப்படி வேலை ஆரம்பமாகும். பதினாறு ஜிபி ஸ்டிக் இரண்டு; இரண்டாவது ஸ்லாட்டிலும் நாலாவது ஸ்லாட்டிலும் போட்டால் டூயல் சேனல். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துவார். ‘டக்’ என்று கிளிப் பூட்டும்வரை ரூமில் ஒருவரும் மூச்சு விட மாட்டார். ரேமில் 3200 என்று எழுதியிருந்தாலும், பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணாவிட்டால் அது பெரும்பாலும் குறைந்த வேகத்தில்தான் ஓடும். “சொல்லாம யாரு முழு ஸ்பீடுல வேலை பார்க்கிறான், ரேம் மட்டும் பார்க்குமா?” என்பார்.

கூடவே புது எஸ்எஸ்டி ஒன்று. அதன் ஸ்க்ரூ கடுகு சைஸ். ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கில் போல்ட் முடுக்குகிற கையிலிருந்து அது நழுவியது. செல்போன் டார்ச் அடித்துக்கொண்டு அத்தனை பேரும் தரையில் தவழ்ந்தோம். கடைசியில் தர்மபுரித் தம்பியின் சேஃப்டி ஷூவுக்குள் கிடைத்தது.

ஆட்டம்? அண்ணன் ஆடி நான் பார்த்ததில்லை. கேமைத் திறப்பார், ஸ்டாப்வாட்சை நிறுத்துவார், நோட்டில் எழுதுவார், மூடிவிடுவார். ஜிடிஏ ஆறாம் பாகத்துக்காகத் தயாராகிறாராம். ஐந்தாம் பாகம் 2013இல் வெளிவந்து, பிசிக்கு வந்து சேர 2015 ஆனது என்று நினைவுபடுத்தினால், “அதுக்குள்ள கிராபிக்ஸ் கார்டையும் பார்த்துடலாம்” என்கிறார். ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு மீட்டர்தான் கவலை: “ஏம்ப்பா, ராத்திரி பூரா யாரு துணி அயர்ன் பண்றது?”

இன்னும் ஹார்டு டிஸ்க்கிலேயே கேம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ரேம் வாங்குவதானால் மதர்போர்டு மாடலை எழுதிக்கொண்டு போங்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. வார நாளில் போங்கள். அண்ணனைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்; ரேம் வாங்கப் போன நீங்கள் கிராபிக்ஸ் கார்டோடு திரும்புவீர்கள்.