ஒரே இரைச்சலா இருக்கு, தம்பி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மனிதர்களைப் பேச வைப்பது சுலபம். டேப் ரெக்கார்டர் கிடைப்பதுதான் கஷ்டம். நண்பரிடம் இரவல் வாங்கிய நேஷனல் பானாசோனிக், ஒரு பை பேட்டரி கட்டை, டிடிகே கேசட். இதுதான் மூலதனம். மூர் மார்க்கெட்டில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி உட்கார்ந்தால், மீஞ்சூர் தாண்டுவதற்குள் நான்கு பேராவது 'ரேடியோவா? எப்ப சார் போடுவாங்க?' என்று கேட்டுவிடுவார்கள். ரெக்கார்ட் பொத்தானையும் ப்ளே பொத்தானையும் சேர்த்து அமுக்கியதும் எதிரே இருப்பவர் தலையைக் கோதிச் சட்டைக் காலரைச் சரிசெய்வார். குரல் மட்டும்தான் பதிவாகும் என்றால் நம்பமாட்டார்.

1990இல் மறுபடி சண்டை மூண்டபோது படகேறி வந்த இலங்கைத் தமிழர்களைத் தேடித்தான் கும்மிடிப்பூண்டி போனேன். 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அகதி முகாம்களில் கெடுபிடி அதிகம். டேப்போடு உள்ளே போவதை நினைத்தே பார்க்க முடியாது. ஆண்கள் பெயிண்டிங் வேலைக்கு வருகிற இடம், பெண்கள் கடைக்கு வருகிற வழி, இவைதான் என் ஸ்டுடியோ. திருகோணமலைப் பக்கத்து அம்மா ஒருவர் ராமேஸ்வரத்தில் கரையேறியது, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்தது, பிறகு இந்த ஊருக்கு வந்தது என்று வரிசையாகச் சொன்னார். பின்னால் சிப்காட் ரோலிங் மில்லின் அடி. நடுநடுவே சரக்கு ரயில். அது போகும் வரை அவர் வாயை மூடிக் காத்திருந்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். அந்த மௌனங்களும் டேப்பில் இருந்தன.

வானொலி நிலையத்தில் தயாரிப்பாளர் ஐந்து நிமிஷம் கேட்டார். "விஷயம் நல்லா இருக்கு. ஆனா ஒரே இரைச்சலா இருக்கு, தம்பி. எழுதிக் குடுத்துடுங்க, நம்ம அறிவிப்பாளர் வாசிச்சிடுவாங்க." வாசித்தார்கள். அட்சர சுத்தமான தமிழ், பின்னணியில் வீணை. ஒலிபரப்பைக் கேட்ட அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நான் கதைச்சதை ஏன் தம்பி வேறை ஒரு பிள்ளை வாசிக்குது?"

இந்த வழக்கத்துக்கு வம்சாவளி உண்டு. பிபிசியிலும் தொழிலாளியின் பேச்சை எழுதிவைத்து நடிகர்களைப் படிக்கச் சொல்வதே மரபாக இருந்தது. தயாரிப்பாளர் சார்லஸ் பார்க்கரும் பாடகர் இவான் மெக்கோலும் 1958இல், விபத்தில் இறந்த ரயில் டிரைவர் ஜான் ஆக்ஸன் பற்றிய நிகழ்ச்சியில், அவரோடு வேலை பார்த்தவர்களின் சொந்தக் குரலையே சேர்த்தார்கள். நமக்கு அந்த ரயில் வர நேரமாயிற்று. இன்னும் பழைய கூத்தும் ஒன்று இருக்கிறது. நூறாண்டுக்கு முன், பிரிட்டிஷ் அதிகாரி கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்புக்காக நம் ஜனங்களின் பேச்சை கிராமபோன் தட்டில் ஏற்றினார்கள். என்ன பேச வைத்தார்கள் தெரியுமா? பைபிளில் வரும் ஊதாரி மகன் கதை. குரல் அவர்களுடையது, கதை சர்க்கார் கொடுத்தது.

இப்போது காலம் மாறிவிட்டது. சட்டைப்பையில் இருக்கும் போன் என் பானாசோனிக்கைவிடத் துல்லியமாகப் பதிவுசெய்கிறது. பாட்காஸ்ட் நடத்தும் இளைஞர் ஒருவர் வந்து என் பழைய டேப்பைக் கேட்டார். செயலி ஒன்றில் போட்டு மில் சத்தத்தையும் ரயிலையும் துடைத்து எடுத்தார். மௌனங்கள் 'டெட் ஏர்' என்று தாமாகவே வெட்டுப்பட்டன. பிறகு, "ரொம்ப மொட்டையா இருக்கு சார், ஆம்பியன்ஸ் வேணும்" என்று இணையத்திலிருந்து ஏதோ ஒரு தேசத்துத் தொழிற்சாலைச் சத்தத்தை இறக்கி அடியில் போட்டார். வீணைக்குப் பதில் இது. ரீல்ஸுக்காக முப்பது விநாடி நறுக்கி எடுத்ததில் அந்த அம்மா படகை விட்டு இறங்கவே இல்லை.

2021இல் அகதிகள் முகாம், மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. அங்கேயே பிறந்த பேரப்பிள்ளைகள் எங்களைப் போலவே சென்னைத் தமிழ் பேசுகிறார்கள். பாட்டியின் தமிழ் எப்படி இருந்தது என்று அவர்களுக்குக் காட்ட, யாராவது எங்காவது பதிந்து வைத்திருந்தால்தான் உண்டு. பதிவுகள் இல்லாமலும் இல்லை. அப்போது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பும் வழக்கம் இருந்தது. நாய் குரைப்பும் பக்கத்து வீட்டுச் சண்டையும் சேர்ந்து ஒலித்த அந்தக் கேசட்டுகள், நான் எழுதிக் கொடுத்த எந்த நிகழ்ச்சியையும்விட மேல்.

இன்று மாலை ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்து பாருங்கள். பீகார், ஒடிசா பையன்கள் போனை வாயருகே வைத்து அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்கள். உலை எப்படிக் கொதிக்கிறது, மேஸ்திரி எவ்வளவு பிடித்தார், எல்லாம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த ஒரு ஆள் இல்லை. எல்லோரும் பாட்காஸ்டில் பிரபலங்களைப் பேட்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பரணில் பேச்சு பதிந்த கேசட் ஏதாவது கிடந்தால், அதன் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் இன்றைக்கே உடைத்துவிடுங்கள். அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. கணினியில் ஏற்றும்போது சத்தம் எதையும் துடைக்க வேண்டாம்.